'க்ளோஸ்' மட்டும் போதுமா? நெருக்கத்தைச் சொல்லும் ஆங்கிலம்

பிளேஸ்மென்ட் சீசன்ல எல்லாரும் எதிர்பார்க்குற கேள்வி, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்". பதிலும் பாதிப் பேருக்கு ஒண்ணுதான்: "ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம் தேனி. மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர்." அவ்வளவுதான். ஃபீஸ் கட்டின சித்தப்பா, அவசரத்துக்குக் கை கொடுத்த தெருக்காரங்க, நாலு வருஷம் கூடவே இருந்த ரூம்மேட், இவங்க யாரும் அந்தப் பதிலுக்குள்ள வர்றதே இல்லை. சொல்ல மனசு இருக்கு, வார்த்தைதான் கைவசம் இல்லை. அந்த வார்த்தைகளைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு: 'ஐ ஆம் ஹெய்லிங்' வேண்டாம். "ஐ ஆம் ஃப்ரம் தேனி" போதும்.

1. உறவுமுறையை மொழிபெயர்க்காதீங்க, விளக்குங்க

பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருமே ஆங்கிலத்துல 'அங்கிள்'. மச்சான், கொழுந்தன், சகலை மூணு பேரும் 'பிரதர்-இன்-லா'. நமக்கு சித்தப்பா பையன் தம்பி, மாமா பையன் மச்சான். ஆங்கிலத்துல ரெண்டு பேரும் 'கசின்'. இந்த வித்தியாசத்தைக் கவனிச்சவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 1871-ல் வெளிவந்த தன் நூலில், தமிழர்களின் உறவுமுறையும் அமெரிக்கப் பழங்குடிகளான செனெக்கா மக்களின் உறவுமுறையும் பெரிதும் ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே, ஒரே சொல்லில் சொல்ல முடியலைன்னா தப்பு உங்க மேல இல்லை. ரெண்டு மொழியும் உறவைப் பிரிக்கிற விதமே வேற.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நம்ம ஆட்கள் 'கசின் பிரதர்', 'கோ-பிரதர்' எல்லாம் உண்டாக்கினாங்க. நம்ம ஊருக்குள்ள செல்லும். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு 'கோ-பிரதர்' புரியாது. 'மை கசின்'னு சொல்லிட்டு, நெருக்கத்தை அடுத்த வாக்கியத்துல வைங்க: "வீ க்ரூ அப் டுகெதர்", "ஹீ இஸ் லைக் எ பிரதர் டு மீ". சித்தப்பாவைப் பத்தி, "மை அங்கிள் புட் மீ த்ரூ காலேஜ்". செலவு செஞ்சு படிக்க வைக்கிறதுக்கு இதுதான் சரியான வழக்கு. பாட்டி வளர்த்திருந்தா, "மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்".

2. நட்புக்கும் அளவு உண்டு

முதல் நாளே ஒட்டிக்கிட்டா 'ஹிட் இட் ஆஃப்'. ரொம்ப வருஷப் பழக்கம்னா 'வீ கோ பேக் எ லாங் வே'. எப்பவும் ஒண்ணாச் சுத்தி, ரகசியம் பேசுறவங்க 'திக் அஸ் தீவ்ஸ்'. இதுல கொஞ்சம் கிண்டல் இருக்கு. கேன்டீன்ல சொல்லலாம், ஹெச்.ஆர். முன்னாடி வேண்டாம்.

பிரிவுக்கும் ரெண்டு சொல் உண்டு. சண்டை போட்டுப் பேசாம இருந்தா 'ஃபால் அவுட்'. சண்டையே இல்லாம, ஆளுக்கொரு காலேஜ்னு போய்ப் பேச்சு குறைஞ்சுட்டா 'டிரிஃப்ட் அபார்ட்'. ஸ்கூல் நண்பர்கள் விஷயத்துல பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒரு எச்சரிக்கை: நெருங்கிய நண்பர்னு சொல்ல "வீ ஆர் இன்டிமேட்" வேண்டாம், கேட்கிறவர் உடல் சார்ந்த நெருக்கம்னு எடுத்துக்குவார். 'இன் எ ரிலேஷன்ஷிப்' என்றாலும் காதல்தான்.

3. ஊரைச் சொல்லும்போது

எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பிணைஞ்சிருக்கிற ஊரோ குழுவோ 'க்ளோஸ்-நிட்' அல்லது 'டைட்-நிட்'. முடிச்சைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல்லும் இந்த 'நிட்'டும் ஒரே வேர். ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கிட்டா 'லுக் அவுட் ஃபார் ஈச் அதர்'. யாருக்காவது கஷ்டம்னு ஊரே திரண்டு வந்தா 'ரேலி அரவுண்ட்'. 'கித் அண்ட் கின்' என்ற பழைய தொடரில் 'கித்' முதலில் பிறந்த மண்ணையும் தெரிஞ்ச மனிதர்களையும் குறிச்சது, அதாவது நம்ம 'ஊரும் உறவும்'. இப்போ பேச்சுல அதிகம் இல்லை. படிக்கும்போது புரிஞ்சா போதும்.

'கம்யூனிட்டி'யில மட்டும் கவனம். அகராதிப்படி அது சேர்ந்து வாழும் எந்த மக்கள் கூட்டமும்தான். ஆனா கம்யூனிட்டி சர்டிஃபிகேட் வாங்கின நமக்கு அது சாதி. "மை கம்யூனிட்டி ஹெல்ப்டு மீ"ன்னு நீங்க ஊரை நினைச்சுச் சொல்ல, எதிரே இருக்கிற தமிழ்நாட்டுக்காரர் வேற கணக்குப் போடலாம். "த பீப்பிள் இன் மை வில்லேஜ்", "மை நெய்பர்ஸ்" என்று சொன்னா குழப்பமே இல்லை.

இன்னொண்ணு, 'க்ளோஸ்-நிட்' எப்பவும் பாராட்டு ஆகாது. புதுசா வர்றவங்களைச் சேர்த்துக்காத கும்பலுக்கு 'க்ளிக்' என்று பேர். ஹாஸ்டல்ல ஊர்வாரியா உட்கார்ந்து சாப்பிடுற மேஜைகளைப் பாருங்க, ரெண்டு வகையும் தெரியும்.

இப்போ அந்தத் தேனிப் பதிலை மாத்திப் பார்க்கலாம்:

"ஐ ஆம் ஃப்ரம் எ க்ளோஸ்-நிட் வில்லேஜ் நியர் தேனி. மை பேரன்ட்ஸ் ஆர் ஃபார்மர்ஸ். வென் அவர் கிராப் ஃபெயில்டு, மை அங்கிள் புட் மீ த்ரூ காலேஜ், அண்ட் அவர் நெய்பர்ஸ் ரேலிட் அரவுண்ட் அஸ்."

மூணே வாக்கியம், கஷ்டமான வார்த்தை ஒண்ணுகூட இல்லை. அம்மாவும் இப்போ விவசாயி ஆயிட்டாங்க, கவனிச்சீங்களா? காட்டு வேலை செய்யற அம்மாவை ஏன் 'ஹோம்மேக்கர்'னு சொல்லணும்?

இதை அப்படியே மனப்பாடம் பண்ணாதீங்க. உங்களுக்கு முக்கியமான மூணு பேரை ஒரு பேப்பர்ல எழுதி, ஆளுக்கு ஒரு ஆங்கில வாக்கியம் போடுங்க. ராத்திரி ரூம்மேட்கிட்ட சத்தமாச் சொல்லிப் பாருங்க. அந்த மூணுல ஒண்ணு அவரைப் பத்தினதா இருந்தா இன்னும் நல்லது.