பிக்கப் மாற்றும் முன்

விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டாரை வாங்கி நாலு பாட்டு வாசிக்கப் பழகியதும், அதன் சத்தத்தில் ஏதோ போதவில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். யாரைக் கேட்டாலும் “பிக்கப்பை மாத்திடு, சரியாயிடும்” என்பார்கள். பெயர் பெற்ற இறக்குமதி பிக்கப் மூன்றையும் சேர்த்து வாங்கினால் பல சமயம் கிட்டாரின் விலையையே தொட்டுவிடும். காசை எடுக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: சத்தத்தில் எது பிடிக்கவில்லை? “நல்லா இல்லை” என்பது பதில் ஆகாது. காதைக் குத்துகிறதா, குழம்பிக் கேட்கிறதா, சும்மா இருக்கும்போதே இரைகிறதா, டிஸ்டார்ஷன் போட்டால் ஊளையிடுகிறதா, ஒரு ஸ்ட்ரிங் மட்டும் அமுங்கிப் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அவற்றில் சிலவற்றுக்குத்தான் பிக்கப் பொறுப்பு.

பிக்கப் மைக் மாதிரி வேலை செய்வதில்லை. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று, அவ்வளவுதான். மேலே போகும் எஃகு ஸ்ட்ரிங்கை அந்தக் காந்தம் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. ஸ்ட்ரிங் அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் ஏறி இறங்க, சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831ல் கண்ட தத்துவம் இது. 1931ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். இதிலிருந்து ஒன்று விளங்கும். பிக்கப் தனக்கு மேலே ஸ்ட்ரிங் எப்படி அசைகிறதோ அதை மட்டுமே சொல்லும். ஸ்ட்ரிங் துருப்பிடித்திருந்தால், ஃப்ரெட்டில் உரசினால், நட்டில் வெட்டிய பள்ளம் சரியில்லை என்றால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய பிக்கப்பும் அந்தக் குறையைத்தான் இன்னும் தெளிவாக எடுத்துக் காட்டும்.

முதலில் புது ஸ்ட்ரிங் போடுங்கள். அடுத்தது உயரம். இதை நிறையப் பேர் தொட்டுப் பார்ப்பதே இல்லை, ஆனால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செலவில் கிட்டாரின் குரலை இவ்வளவு மாற்றும் வேலை வேறு கிடையாது. பிக்கப்பின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காந்த முனையின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சாதாரண சிங்கிள் காயிலுக்கு, அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு, ஃபெண்டர் சொல்லும் கணக்கு, தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2 மி.மீ., மெல்லிய ஸ்ட்ரிங் பக்கம் 1.6 மி.மீ. அளக்கச் சின்ன ஸ்கேல் இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ., இரண்டை அடுக்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் வந்துவிடும். பயன்பாட்டில் இருக்கும் கார்டை மட்டும் காந்தத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

பிக்கப் ஸ்ட்ரிங்கை ஒட்டி நின்றால் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும். அப்போது மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலைவதுபோல் கேட்கும், டியூன் செய்தாலும் சுருதி நிற்காது. கிட்டார் மட்டமானது என்று முடிவுகட்ட வைக்கும் இந்தக் கோளாறு, அரைச் சுற்று இறக்கினாலே பல நேரம் போய்விடும். குழம்பிக் கேட்கும் நெக் பிக்கப்பை இறக்குங்கள். சோகையாகக் கேட்கும் பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் வாசித்துக் கேளுங்கள். ஒரு வாரம் அப்படியே வைத்து வாசித்த பிறகும் பழைய குறை இருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

இரைச்சல் தனிக் கதை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் அந்த மின்காந்த அலையையும் சேர்த்தே பிடிக்கும். இதற்குத் தீர்வாக கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955ல் உருவாக்கியதுதான் ஹம்பக்கர். எதிரெதிர் திசையில் வேலை செய்யும் இரண்டு சுருளை ஒன்றாக வைத்து, இரைச்சலை மட்டும் ஒன்றுக்கொன்று கழித்துவிடுகிறது. ஸ்ட்ராட் வகைக் கிட்டார் பலவற்றில் நடு பிக்கப்பை இதே முறையில் தலைகீழாகச் சுற்றியிருப்பார்கள். சுவிட்சை 2, 4 இடங்களில் வைக்கும்போது இரைச்சல் அடங்கி, 1, 3, 5ல் திரும்பி வந்தால் அது சிங்கிள் காயிலின் பிறவிக் குணம். அதே வகையில் விலை உயர்ந்ததை வாங்கி மாட்டினாலும் அப்படியேதான் இரையும். ஹம்பக்கரோ, இரைச்சல் இல்லாத வகை என்று தனியாகச் செய்யும் சிங்கிள் காயிலோ வாங்கினால் மட்டுமே மாற்றம் தெரியும்.

இரைச்சலுக்கு வீடும் காரணமாக இருக்கலாம். வட்டமாகத் திருகும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் லைட் டிம்மரையும் அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாருக்குள் ஷீல்டிங் போதவில்லை. உள்பள்ளத்தில் செப்பு டேப் ஒட்டினால் நன்றாகவே குறையும். தொட்டதும் அதிகமானாலோ, விரலில் சுருக்கென்று இருந்தாலோ உடனே ஆம்ப்பை அணையுங்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் கிட்டார் வாசிப்பது உயிருக்கு ஆபத்து. பிக்கப்பை மறந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆம்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன ஸ்பீக்கர் வைத்த பயிற்சி ஆம்ப்பில் எந்தப் பிக்கப்பும் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல்தான் கேட்கும். பெரிய ஆம்ப் உள்ள ஜாம் ரூமுக்கு உங்கள் கிட்டாரை ஒருமுறை எடுத்துப்போய் வாசித்துப் பாருங்கள். அங்கே பிடித்துப்போனால் பணம் போக வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இனி பிக்கப்பின் தரத்துக்கு வருவோம். மலிவான சிங்கிள் காயில்களில் பெரும்பாலும் ஆறு எஃகு முளைகளை வைத்து, அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒன்றை ஒட்டியிருப்பார்கள். விலை கூடியவற்றில் அந்த ஆறு முளைகளே அல்நிகோ காந்தமாக இருக்கும். யமஹா பசிஃபிகா 012ல் இருப்பது செராமிக், 112ல் அல்நிகோ. எஃகு முளை சுருளின் குணத்தை மாற்றுவதால் உச்சத்தில் இருக்கும் மினுமினுப்பு சற்றுக் குறைந்து நடுப்பகுதி தடிக்கும். இந்த வித்தியாசம் உண்மையானது. டிஸ்டார்ஷன் இல்லாமல் மென்மையாக வாசிப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். எப்போதும் டிஸ்டார்ஷன் போட்டே வாசிப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. செராமிக் என்றாலே மட்டம் என்று நினைப்பதும் தப்பு. மாற்றுப் பிக்கப் சந்தையையே தொடங்கிவைத்தவற்றில் ஒன்றான டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பது செராமிக் காந்தம்தான். மலிவு விலை டேன்எலெக்ட்ரோ கிட்டார்களுக்காக லிப்ஸ்டிக் குழாய்க்குள் வைத்துச் செய்த பிக்கப்பின் ஒலிக்கு இன்றைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆகவே விலையை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? மூன்று நிலைமைகளில் நான் தயங்காமல் மாற்றச் சொல்வேன். சுருள் அறுந்து போயிருப்பது முதல் நிலைமை. கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, சுவிட்சில் ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல சிங்கிள் காயில் ஏறத்தாழ 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும், ஹம்பக்கர் அதைவிட அதிகம். 250 அல்லது 500 கிலோ ஓம் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, மீட்டர் காட்டுவது வால்யூம் கன்ட்ரோலின் அளவு. அடுத்தது ஊளை. ஆம்ப்பை ஓரளவு சத்தமாக வைத்து, பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டக் டக்கென்று உரக்க விழுந்தால் சுருள் உள்ளே தளர்ந்து அதிர்கிறது. எட்வர்ட் வான் ஹேலன் தன் புகழ்பெற்ற கிட்டாரில் இந்தத் தொல்லைக்காகத்தான் பிக்கப்பை உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கினார். அந்தக் கிட்டாரின் உடம்பு, தொழிற்சாலையில் ஒதுக்கிய இரண்டாம் தரச் சரக்கு. பிக்கப், கிப்சன் ஈஎஸ்-335லிருந்து கழற்றியது. மலிவான மரத்தில் நல்ல பிக்கப் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1978ல் வந்த அவருடைய குழுவின் முதல் ஆல்பத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மூன்றாவது, உங்களுக்கு வேண்டிய ஒலி வேறு வகையைச் சேர்ந்தது என்று தெளிவாகத் தெரிவது. கனமான ராக் வாசிப்பவருக்கு மூன்று சிங்கிள் காயில் ஒத்துவராது. எந்தச் சரிக்கட்டலும் ஒன்றை இன்னொன்றாக்காது.

மாற்றுவதென்று முடிவானாலும் மூன்றையும் வாங்க வேண்டியதில்லை. பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், குறை அதிகம் தெரிவது அங்கேதான். வாங்கும் முன் முதல் முளைக்கும் ஆறாவது முளைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராட் வகையிலேயே 50 மி.மீ., 52 மி.மீ. என்று இரண்டு அளவு வருகிறது. ஹம்பக்கர் வைப்பதாக இருந்தால் அடியில் பள்ளம் இருக்கிறதா என்று பிக்கார்டைக் கழற்றிப் பாருங்கள். கன்ட்ரோலையும் கவனிக்க வேண்டும்: சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஹம்பக்கரை 250ல் இணைத்தால் ஒலி மங்கும். மலிவு கிட்டார்களில் வரும் சின்ன கன்ட்ரோலுக்கான துளையில் பெரிய கன்ட்ரோல் நுழையாது, துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. இணைப்புகளைக் கழற்றும் முன் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிய பிறகு இரண்டு பிக்கப் சேரும் இடத்தில் ஒலி மெலிந்து ஓட்டையாகக் கேட்டால் பயப்பட வேண்டாம், புதியதன் திசை பழையதோடு எதிர்ப்படுகிறது. சிங்கிள் காயிலாக இருந்தால் அதன் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். கழற்றிய பழைய பிக்கப், ஸ்க்ரூ, ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கிட்டாரை விற்கும்போது புது பிக்கப்புக்காகக் கூடுதல் விலை கிடைப்பது அபூர்வம். பழையதையே மாட்டி விற்றுவிட்டு, நல்லதை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.