நுணுக்குக்காட்டியின் அளவுகோல்

இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதை அங்கு நாட்டப்பெற்ற அளவுகோல் காட்டும். அறுவடை செய்த நெல்லைப் புசலாலும் கொத்தாலும் அளப்பர். கண்ணாற் கண்டு கையால் எடுக்கத்தக்கவற்றுக்கு அளவு கூறுதல் எளிது. ஆனால், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்கிரோமீற்றரால் அளக்கவேண்டிய நுண்ணங்கிக்கு எக்கோலை நீட்டுவது? இது வன்னி மக்களுக்கு வெறும் ஆய்வுகூட வினாவன்று. நெடுங்காலம் அவர்தம் உயிரோடு தொடர்புற்றிருந்த வினாவாகும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளில் காடு வெட்டிக் கழனி கண்டோரை மலேரியாக் காய்ச்சல் விடாது தொடர்ந்தது. வற்றும் ஆறுகளின் படுகைகளில் தேங்கிய நீரிலே பெருகும் அனோபிலிஸ் நுளம்பே அதனைப் பரப்பிற்று. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேரே இந்நோயுற்றனர். எனினும், அவ்வாண்டுகளின் இறுதியில் அஃது இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். போர் நிகழ்ந்த வடக்கும் கிழக்கும் அத்துன்பத்தைப் பெரிதும் சுமந்தன. காய்ச்சல் கண்டவருக்கு உற்ற நோய் யாது என்பதை விரல்நுனியிற் பெற்ற ஒரு துளி இரத்தமும் ஒரு நுணுக்குக்காட்டியுமே தீர்மானித்தன.

நுணுக்குக்காட்டி ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுகின்றது என்பதனால் மட்டும் பொருளின் அளவு புலப்படுவதில்லை. பெருக்கம் வேறு, அளவை வேறு. அளவை என்பது தெரிந்த ஒன்றோடு தெரியாத ஒன்றை ஒப்பிடுதலாகும். பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்து தேசத்து லீவன்ஹூக் தாம் கண்ட நுண்ணுயிர்களை மணற்றுகளோடு ஒப்பிட்டே அவற்றின் சிறுமையை உணர்த்தினார்.

இக்காலத்தில் இதற்கு இரு அளவுகோல்கள் உதவுகின்றன. ஒன்று, பார்வைத்துண்டினுள் இடப்படும் கோடிட்ட கண்ணாடி வட்டம். மற்றையது, மேடைமீது வைக்கப்படும் வழுக்கி. அதிலே ஒரு மில்லிமீற்றர் நூறு கூறாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒரு கூறு 10 மைக்கிரோமீற்றராகும். பார்வைத்துண்டின் கோடுகளுக்குத் தமக்கென ஒரு பெறுமானம் இல்லை. முத்திரையிடாத கொத்தினை நம்பி நெல் அளத்தல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே அக்கோடுகளை ஒப்புநோக்காது நம்புதலும் தகாது.

நாற்பது மடங்குப் பொருள்வில்லையில் பார்வைத்துண்டின் 40 கூறுகள் மேடைக்கோலின் 10 கூறுகளோடு, அதாவது 100 மைக்கிரோமீற்றரோடு, பொருந்துகின்றன எனக் கொள்வோம். அப்போது ஒரு கூறு 2.5 மைக்கிரோமீற்றர். நூறு மடங்கு எண்ணெய்வில்லைக்கு மாற்றினால், அதே 100 மைக்கிரோமீற்றரை 100 கூறுகள் நிரப்பும். ஒரு கூறு 1 மைக்கிரோமீற்றர். வில்லையை மாற்றியவர் பழைய பெறுமானத்தையே கையாண்டால், 7.5 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள செங்குழியம் 18.75 எனப் பிழையாக வரும். ஆகவே, ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே அளவு காணல் வேண்டும்.

மலேரியாவை ஆராய்வோருக்கு இயற்கையே மற்றோர் அளவுகோலை அளித்துள்ளது. அதுதான் 7 முதல் 8 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள செங்குழியம். வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணி வளர வளர, அது குடிபுகுந்த செங்குழியம் அயலிலுள்ளவற்றிலும் பருத்துவிடும். பல்சிபாரம் புகுந்த குழியமோ பருப்பதில்லை. அதன் இளம் வளையம் குழிய விட்டத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே இருக்கும். இச்சிறு வேறுபாட்டிலே பெரும்பொருள் அடங்கியுள்ளது. பல்சிபாரம் மூளையைத் தாக்கி விரைவில் உயிரைப் போக்கவல்லது. வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் மீளுமாதலின், அதனை ஒழிக்கப் பிரிமாகுயின் என்னும் மருந்தும் வேண்டப்படும்.

தடித்த இரத்தப் பூச்சில் செங்குழியங்கள் சிதைந்துவிடும். மிகுந்த இரத்தத்தில் ஒட்டுண்ணி உண்டா எனத் தேடுதற்கு அஃது ஏற்றது. ஆனால் ஒப்பிடும் அளவுகோல் அங்கே அழிந்துபோகின்றது. இனத்தை உறுதிசெய்ய மெல்லிய பூச்சினையே நாடுவர். உலர்த்துதலும் சாயமூட்டுதலும் குழியங்களின் அளவைச் சிறிது மாற்றுமாதலின், ஒரே பூச்சிலுள்ள குழியங்களைத் தம்முள் ஒப்பிடுதலே சாலச் சிறந்தது.

இவ்வளவைக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றரிலும் நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி பிரித்துக் காட்டாது. ஆதலின், ஏறக்குறைய 0.05 மைக்கிரோமீற்றர் அளவினதாகிய டெங்கு வைரசை, அதுவும் நுளம்பினாற் பரவுவதே எனினும், இக்கருவியாற் காணல் இயலாது.

2012 ஒக்டோபருக்குப் பின்னர் இலங்கையில் நுளம்புவழி மலேரியாத் தொற்று உள்நாட்டில் நிகழாமையைக் கண்டு, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. எனினும், பிறநாடு சென்று மீள்வோருடன் ஒட்டுண்ணி வரக்கூடும். நோய் அரிதாகுந்தோறும் அதனை அறியும் கண்ணும் பழக்கம் குன்றும். 1963இன் பின்னர் நேர்ந்தது மறத்தற்குரியதன்று. மாணவர் ஆய்வுகூடத்தில் இரு கோல்களையும் பொருத்திப் பார்க்கும் அச்சிறு பயிற்சி, தேர்வின் பொருட்டு மட்டும் அமைந்ததன்று. ஓர் ஊரின் காவற்பணிக்கு முதற்படியும் அதுவேயாகும்.