போன் அடித்தது, காட்டுக்குச் சேதி போகவில்லை!

தோட்டத்துத் தோழர்களே, இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ வீட்டுப் பிரச்சினையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. என் சட்டைப் பையில் கிடந்த ஒரு சேதியைப் பற்றி எழுதப் போகிறேன். அதை எழுதாமல் விட்டால் என் மனம் ஆறாது.

2024 அக்டோபர் மாதம். ஹிலிர் பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். சம்பளக் கணக்கில் ஏதோ குளறுபடி என்று கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். கிராணி கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பகல் 2.40 இருக்கும், என் கைத்தொலைபேசி 'டிங்' என்று அடித்தது. எடுத்துப் பார்த்தேன். வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை. எந்தெந்த மாவட்டம் என்ற வரிசையில் ஹிலிர் பேராக்கும் இருந்தது. மாலை ஆறு மணி வரை என்று போட்டிருந்தது. "இந்த மாசத்துல தினமும் இதே பாட்டுதான்" என்று நினைத்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தேன்.

அந்த நேரம் காட்டில் குலை வெட்டு முடியவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தும், "இன்னும் ரெண்டு நிரைதானே, முடிச்சிட்டுப் போயிடுவோம்" என்று வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 3.20க்கு இடி விழுந்தது. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அலறிக்கொண்டு வந்தது.

ஒரு செம்பனை மரத்தின் உச்சி கருகிப்போயிருந்தது. அதற்குப் பக்கத்து நிரையில் நின்ற வெட்டுக்காரர், அலுமினியக் கம்பைக் கீழே போட்டுவிட்டு மட்டையை இழுக்கக் குனிந்த நேரம். தூக்கி எறியப்பட்டுக் கிடந்தார். கால் இரண்டும் மரத்துப் போய்விட்டது. காது கேட்கவில்லை. உயிர் தங்கியது நம் அதிர்ஷ்டம். கம்பு கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

அவருடைய மனைவி அவரோடு உதிரிப்பழம் பொறுக்கும் பெண். மறுநாள் மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணே, முன்னாடியே ஒங்க போனுக்குச் சேதி வந்துச்சாமே?"

என்ன பதில் சொல்வது? நாற்பது நிமிடம்! காட்டிலிருந்து எல்லோரும் லயத்துக்கு வந்து, காப்பி போட்டுக் குடித்திருக்கலாம். சேதி வந்தது, வந்து சேர வேண்டிய ஆளுக்கு வரவில்லை. இடையில் நின்றவன் நான். தோட்டத்துக்காரன் பிள்ளை, தோட்டப் பள்ளியில் படித்தவன், சங்கத்துக்காரன்!

சேதி எப்படி வருகிறது?

நம் பாட்டி காலத்தில் எறும்பு முட்டை தூக்கினால் மழை, ஈசல் பறந்தால் மழை. இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கங்காணி வானத்தைப் பார்த்துச் சொன்னால் அதுதான் தீர்ப்பு. அந்த அறிவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செம்பனைக் காட்டுக்குள் நிற்கிறவனுக்கு வானமே தெரிவதில்லையே! தலைக்கு மேலே மட்டைதான் தெரியும்.

இன்று மலேசிய வானிலைத் துறை ராடார் கருவியாலும் துணைக்கோளத்தாலும் மேகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடிய இடிமழை நெருங்குகிறது, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்ற அறிகுறி தெரிந்தால் இடிமழை எச்சரிக்கை விடுகிறது. ஒரு முறை விட்டால் அது ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. ஏன் தெரியுமா? இடிமேகம் மளமளவென்று வளரும், மளமளவென்று கரையும். நேற்றே பார்த்து நாளைக்குச் சொல்கிற சமாச்சாரம் அல்ல அது. ஆகவே காலையில் பெரட்டுக் களத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று போய்விட்டால் போதாது. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், வேலை முடிகிற வரை காதில் விழும்படி ஒரு தரம், பார்த்தே ஆக வேண்டும்.

இந்தச் சேதியை வாங்க வானிலைத் துறையே 'மைசுவாச்சா' என்ற செயலியை இலவசமாக வைத்திருக்கிறது. படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். போட்ட பிறகு மூன்று காரியம் பாருங்கள். அறிவிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா? இருப்பிடத்துக்கு அனுமதி இருக்கிறதா? சத்தம் திறந்திருக்கிறதா? பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் செயலியைத் தூங்க வைத்துவிடும். அதையும் கவனியுங்கள்.

மலாய்ச் சொல் ஆறு

பெரியவர்கள் பலர் என்னிடம் சொல்வது இது: "சேதி வருதுப்பா, என்னா எழுதியிருக்குன்னுதான் புரியல." எச்சரிக்கை மலாயில் வருகிறது. ஆறு சொல் தெரிந்தால் போதும். 'அமாரான்' என்றால் எச்சரிக்கை. 'ரிபுட் பெத்திர்' என்றால் இடிமழை. 'ஹுஜான் பெர்தெருசான்' என்றால் விடாத தொடர்மழை. 'அங்ஙின் கென்சாங்' என்றால் பலத்த காற்று. 'செஹிங்கா ஜாம்' என்றால் இத்தனை மணி வரை. 'டாயிரா' என்றால் மாவட்டம்.

தொடர்மழைக்கு மூன்று படிகள். 'வஸ்படா' என்றால் விழிப்பாய் இரு. 'புரோக்' என்றால் நிலைமை மோசம். 'பஹாயா' என்றால் ஆபத்து. கடைசிப் படி வரும்வரை காத்திருக்காதீர்கள். பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மருந்து மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைக்க வேண்டிய நேரம் முதல் படியிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல். உங்கள் தோட்டம் எந்த மாவட்டம்? கேட்டால் பாதிப் பேர் பக்கத்து டவுன் பெயரைச் சொல்கிறார்கள். எச்சரிக்கையில் தோட்டத்தின் பெயர் வராது, மாவட்டத்தின் பெயர்தான் வரும். தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோழர்கள் முன்பு பத்தாங் பாடாங் மாவட்டம். 2016 முதல் அது முவாலிம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் முன்பு ஹிலிர் பேராக். 2017 முதல் பாகான் டத்தோ. பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டுக்கு வந்த சேதியை நீங்களே அடுத்த வீட்டுக்குப் போனதாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஆற்றுக்கு வேறு சேதி

மழைக்கு வானிலைத் துறை, ஆற்றுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை. ஆற்றின் மட்டத்தை 'இன்ஃபோ பஞ்சிர்' என்ற அதன் வெள்ளத் தகவல் பக்கத்தில் போனிலேயே பார்க்கலாம். சாதாரணம், வஸ்படா, அமாரான், பஹாயா என்று நான்கு மட்டங்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலைப்பக்கம் பெய்த மழை ராத்திரி வந்து லயத்துக்குள் நுழையும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரத் தோட்டங்களுக்கு மூன்றாவது கணக்கும் உண்டு. பெரிய கடலேற்றம் இருக்கும் நாளில் மதகை அடைத்துவிடுவார்கள். அப்போது மழையும் பெய்தால் வடிகால் தண்ணீர் எங்கே போகும்?

2021 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டோமா? ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். அந்த வெள்ளத்தில் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெள்ளம் வடிந்த பின் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எச்சரிக்கை ஏன் வீட்டு வாசல் வரை வரவில்லை? மருத்துவமனையில் அந்தச் சகோதரி என்னைக் கேட்டதும் அதே கேள்விதான்.

போன் மின்னலை இழுக்குமா?

அந்தத் தோட்டத்தில் விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. வெட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேரிடம் போன் இருந்திருக்கிறது. மழை இருட்டியதும் எல்லோரும் அணைத்து, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுவிட்டார்களாம்! கேட்டால், "போன் வச்சிருந்தா மின்னல இழுக்கும்ணே" என்றார்கள். சேதி வர வேண்டிய நேரம் பார்த்து வாயைக் கட்டிவிட்டார்கள்.

தோழர்களே, பையில் கிடக்கும் கைத்தொலைபேசி மின்னலை இழுக்காது. மின்னல் உயரத்தைத் தேடும். தனி மரத்தைத் தேடும். திறந்த வெளியில் நிமிர்ந்து நிற்பதைத் தேடும். இருபது, முப்பது அடி அலுமினியக் கம்பைத் தூக்கிப் பிடித்திருப்பவர்தான் பயப்பட வேண்டும். சுவரில் சொருகிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைக் காதில் வைத்துப் பேசுவதுதான் தவறு. கம்பி வழியாக மின்சாரம் வரக்கூடும்.

போன் இல்லாதவருக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கம்பைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை திரும்பிப் போக வேண்டாம். மரத்தடியும் நாலு கால் கொட்டகையும் பாதுகாப்பு அல்ல. சுவர் வைத்த கட்டிடம் அல்லது கண்ணாடி ஏற்றி மூடிய இரும்புக் கூரை லாரி, கார் பரவாயில்லை. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் 'ஷாக்' அடிக்கும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள்; அடிக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். 999க்குக் கூப்பிடுங்கள்.

நிறுத்துகிற வாய் யாருக்கு?

இத்தனையும் சொன்ன பிறகும் முக்கியமான கேள்வி மிச்சம் இருக்கிறது. சேதி வந்தாச்சு. வேலையை நிறுத்தச் சொல்வது யார்? குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் தானாக நிறுத்துவானா? நிறுத்தினால் அன்றைய காசு போச்சே! "ரெண்டு நிரைதானே" என்று அவரை வெட்ட வைத்தது பேராசை அல்ல. பிள்ளையின் பள்ளிச் செலவு.

சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதில் 26ஏ பிரிவு என்ன சொல்கிறது? வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆகவே முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள். போனில் வந்த எச்சரிக்கையைக் காட்டுங்கள். மணியைக் குறித்து வையுங்கள். அதுவே உங்கள் சாட்சி.

நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். நம் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கிளப்ப வேண்டும். எச்சரிக்கை வந்தால் ஆபீசிலிருந்து காட்டுக்கு யார் சொல்வது? லைன் கிடைக்காத தீம்பாருக்கு ஆள் அனுப்புவதா, பழையபடி சங்கு ஊதுவதா? நிறுத்திய நேரத்துக்குக் கூலி எப்படி? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத வரை முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும். வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்களையும் விட்டுவிடாதீர்கள். இடி பாஸ்போர்ட் பார்த்து விழுவதில்லை.

"சொன்னாங்க, வரலியே, புலி வருது கதைதான்" என்று சலித்துக்கொள்வோர் இருப்பார்கள். எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் வருவது. இடி ஒரு மரத்தில் விழுவது. பத்துத் தரம் பக்கத்துத் தோட்டத்தில் பெய்துவிட்டுப் போகட்டும். பதினோராவது தரம் நம் நிரையாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் பழைய சேதியை மட்டும் நம்பாதீர்கள். தேதியும் மணியும் பார்த்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

அந்த வெட்டுக்காரர் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். ஒரு காது இன்னும் மந்தம்தான். அந்தத் தோட்டத்தில் இப்போது ஓர் ஏற்பாடு நடக்கிறது. மாரியம்மன் கோயில் மேட்டில்தான் லைன் நன்றாகக் கிடைக்கும். அங்கே பக்கத்திலிருக்கும் ஆயாக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்ணிடம் பொறுப்பு. எச்சரிக்கை வந்தால் அவர் மண்டோருக்கு அடிப்பார். மண்டோர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு நிரை நிரையாய்ப் போவார். நின்ற நேரத்துக்குக் கூலி பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. முடியும் வரை விட மாட்டோம்.

என் போன் இப்போது அடித்தால் நான் பையில் போடுவதில்லை. முதலில் காட்டுக்கு அடிக்கிறேன், அப்புறம்தான் கணக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.