இரும்புக்கை மாயாவியைப் படம் பிடிப்போமா?

சித்திரக் கதை படிக்காத மாணவர் யார்? சிவகாசியைச் சேர்ந்த முத்து காமிக்ஸ் 1972-இல் தன் முதல் இதழில் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியை உங்கள் தாத்தாவிடம் கேட்டாலும் சொல்வார். லூயிஸ் கிராண்டல் என்ற அந்த நாயகன், 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவன். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அவனை வரைந்தார். ஒரு விபத்தில் வலது கையை இழந்த அவனுக்கு எஃகுக் கை பொருத்தப்படுகிறது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். எஃகுக் கை மட்டும் தெரியும்!

அந்தரத்தில் ஓர் இரும்புக் கை. அதைக் கண்டு நடுங்கும் ஓர் ஆள். அக்கதைகளில் அடிக்கடி வரும் இக்காட்சியை ஒரு கைப்பேசியால் புகைப்படமாக எடுக்க முடியுமா? முடியும். ஆனால் ஓவியர் பேனாவால் எளிதாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் நாம் இயற்பியலிடம் அனுமதி பெறவேண்டும்.

முதலில் கை வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் தொழிற்சாலைக்குச் செல்வோர் வீட்டில் பழைய கையுறை ஒன்று கிடைக்காமல் போகாது. அதில் கந்தல் துணியைத் திணித்து, சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளை இறுக்கமாகச் சுற்றுங்கள். இரும்புக்கை தயார்.

எங்கே நிற்பது?

படத்தில் கை, பின்னால் நிற்பவரின் முகத்தைப் போல் மூன்று மடங்கு பெரிதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளமும் முகத்தின் நீளமும் ஏறத்தாழச் சமம். சமமான இரு பொருள்களில் ஒன்று மூன்று மடங்கு பெரிதாகத் தெரிய, மற்றது மூன்று மடங்கு தொலைவில் இருக்கவேண்டும். இது வடிவொத்த முக்கோணங்கள் சொல்லும் உண்மை. எனவே கேமராவிலிருந்து கை 50 செ.மீ. தொலைவிலும், நண்பர் 150 செ.மீ. தொலைவிலும் இருக்கட்டும். தூரத்தில் நின்றுகொண்டு 'ஜூம்' செய்து பயனில்லை. அப்போது கையும் முகமும் ஒரே அளவில் பெருக்கப்படும். அவற்றின் விகிதம் மாறாது.

இரண்டும் தெளிவாகத் தெரியுமா?

ஓவியரின் பேனாவுக்கு லென்ஸ் கிடையாது. ஆகவே அருகிலுள்ள கை, தள்ளியுள்ள முகம் இரண்டையும் அவர் கூர்மையாக வரைந்துவிடுவார். கேமரா அப்படியல்ல. பொருளின் தொலைவின் தலைகீழியையும் பிம்பத் தொலைவின் தலைகீழியையும் கூட்டினால் குவியத் தொலைவின் தலைகீழி கிடைக்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதன்படி கணக்கிடுவோம்.

50 மி.மீ. குவியத் தொலைவுள்ள பெரிய கேமரா லென்ஸில், கையின் பிம்பம் லென்ஸிலிருந்து 55.6 மி.மீ. தொலைவிலும், முகத்தின் பிம்பம் 51.7 மி.மீ. தொலைவிலும் விழும். இடைவெளி சுமார் 4 மி.மீ. பிலிமோ உணர்தகடோ ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாதே! ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். இப்போது 5 மி.மீ. குவியத் தொலைவுள்ள கைப்பேசி லென்ஸுக்கு இதே கணக்கைப் போடுங்கள். பிம்பங்கள் 5.05 மி.மீ., 5.02 மி.மீ. தொலைவுகளில் விழும். இடைவெளி வெறும் 0.03 மி.மீ.தான். ஆகவே இந்த வேலைக்கு விலையுயர்ந்த கேமராவைவிடக் கைப்பேசியே மேல். பெரிய கேமராதான் இருக்கிறதென்றால் அதன் துளையை இயன்றவரை சுருக்குங்கள், மங்கல் குறையும்.

ஆளை மறைப்பது எப்படி?

1933-இல் வெளிவந்த 'இன்விசிபிள் மேன்' என்ற அமெரிக்கப் படத்தில், நடிகருக்குக் கறுப்பு வெல்வெட் துணி போர்த்தி, கறுப்புத் திரைக்கு முன் நிறுத்திப் படம் பிடித்தார்கள். கறுப்பிலிருந்து ஒளி வராததால், அந்தப் பகுதி பிலிமில் பதிவதில்லை. அங்கே வேறொரு காட்சியை இணைத்துவிடலாம்.

நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். கையைக் கட்டித் தொங்கவிட ஒரு நூல் போதும். "நூலின் நிழல் சுவரில் விழுந்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடாதா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் சூரியன் நமக்கு உதவுகிறது.

சூரியன் ஒரு புள்ளியன்று. அதன் விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ.; தொலைவு சுமார் 15 கோடி கி.மீ. விகிதம் ஒன்றுக்கு 107. எனவே வெயிலில் ஒரு பொருளின் கருநிழல், அப்பொருளின் அகலத்தைப் போல் சுமார் 107 மடங்கு தொலைவு வரைதான் நீளும். அதற்கப்பால் வெளிறிய புறநிழலே எஞ்சும். 0.2 மி.மீ. தடிமனுள்ள நூலின் கருநிழல் 2 செ.மீ. தொலைவிலேயே முடிந்துவிடும். 2 செ.மீ. அகலமுள்ள விரலின் கருநிழலோ 2 மீட்டருக்கு மேல் நீளும். நண்பர் சுவரை ஒட்டி நின்றால், சாய்வாக வரும் காலை வெயிலில் கையிலிருந்து சுவர்வரை ஒளி செல்லும் தொலைவு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஆகவே சுவரில் விரல்களின் நிழல் விழும். நூலின் நிழல் தெரியாது. ஆளில்லாத ஒரு கைக்கு எப்படிப்பட்ட நிழல் இருக்கவேண்டுமோ அப்படியே!

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நூல் சுவரின் நிறத்தில் இருந்தால் நல்லது. நூலைக் கட்டும் மூங்கில் கம்பை உயரத்தில் வையுங்கள். கம்பு தடிமனானது, அதன் நிழல் படத்துக்குள் விழக்கூடாது. எஃகின் பளபளப்புக்குக் கையின் ஒரு பக்கத்தில் வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்றைப் பிடியுங்கள். பளபளப்பான உலோகம் சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கிறது. ஓவியர்கள் கையில் வரையும் வெள்ளைக் கீற்று அதுவே.

புகைப்படத்துக்கு எட்டாதவை

மாயாவியின் கதையில் இயற்பியல் ஒப்புக்கொள்ளாத இரண்டு உண்டு. கண்ணின் விழித்திரை ஒளியை உட்கவர்ந்தால்தான் பார்வை உண்டு. முழுவதும் மறைந்துபோன மனிதனின் விழித்திரை ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடும். ஆகவே மாயாவி மறைந்த கணமே குருடனாவான்! ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் பெரல்மான் இதை வெகு காலத்துக்கு முன்பே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இரண்டாவது, விளையாட்டல்ல. மின்சாரம் யாரையும் மறைய வைக்காது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாய்ந்தாலும் இதயம் நின்றுவிடக்கூடும். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குத் தாராளமாகப் போதும். எனவே காட்சியில் ஸ்விட்ச் பலகை தேவைப்பட்டால் அட்டையில் வரைந்து ஒட்டுங்கள். அலுமினியம் சுற்றிய கையை உண்மையான ஸ்விட்சுக்கு அருகே கொண்டுசெல்லவே கூடாது.

படம் எடுத்தபின் இதையும் செய்து பாருங்கள். கையைச் சுவரிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். எந்தத் தொலைவில் விரல்களின் நிழல் வெளிறத் தொடங்குகிறது? விரலின் அகலத்தை அளந்து, 107-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். உள்ளங்கையின் நிழல் மட்டும் ஏன் இன்னும் கருமையாகவே இருக்கிறது என்பதற்கு விடையும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.