இல்லமும் இணையமும்

சென்னையினின்று பூவிருந்தவல்லி நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், மதுரவாயலைக் கடந்ததும் வருவது வானகரம். பெங்களூர் செல்லும் சரக்கு வண்டிகள் இரவு பகலாக உறுமிக்கொண்டு ஓடும் இடம் அது. அங்கிருந்து வடக்கே திரும்பினால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அதற்கும் அப்பால் ஆவடி. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பகலெல்லாம் உழைப்போர் மாலையில் வந்து இளைப்பாறும் வீடுகள் இவ்வூரில் அடுக்கடுக்காக எழுந்துள்ளன. அவற்றை அண்ணாந்து நோக்குவோர்க்கு ஒரு காட்சி புலப்படும். கம்பத்தினின்று கம்பத்திற்குத் தாவி வந்து, சன்னலின் ஓரமாக வீட்டினுள் நுழைகின்றது மெல்லிய கரிய வடம் ஒன்று. அது மின்சாரம் கொண்டு வருவதன்று. அதன் நடுவே ஏறத்தாழத் தலைமயிரளவே பருமனுள்ள கண்ணாடி இழை ஓடுகின்றது. அவ்விழையின் வழியே வருவது ஒளி. அவ்வொளியின் வழியே வருவது உலகம்.

இவ்வடத்தின் அருமையை மக்கள் நன்குணர்ந்த ஆண்டு 2020. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன, அலுவலகங்கள் அடைக்கப்பட்டன. தந்தை அலுவலகப் பணியை வீட்டிலிருந்தே செய்யவேண்டியவரானார். மகளுக்குக் கணினித் திரையே வகுப்பறையாயிற்று. கல்லூரி செல்லும் மகனுக்குத் தேர்வும் அத்திரையிலேயே நடந்தது. சிங்கப்பூரிலுள்ள மகளின் முகத்தைக் காணப் பாட்டியும் கைப்பேசியை ஏந்தி அமர்ந்தார். வீட்டிற்கு வரும் இணைப்போ ஒன்று. அதனை நாடும் கருவிகளோ நான்கு. இணைப்பே இல்லாத வீடுகளும், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகளும் அதே தெருக்களில் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. ஒன்றாய் வரும் இணைப்பைப் பலர்க்கும் பங்கிட்டளிக்கும் சிறு கருவியின் இயல்பையும், அதனை வீட்டில் முறையாக அமைக்கும் வகையையும் இப்பாடம் எடுத்துரைக்கின்றது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வாயில் திறக்கப்பட்ட நாள் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் சென்னை முதலிய பெருநகரங்களில் இச்சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் இணைப்பு வந்தது தொலைபேசிக் கம்பி வழியாகவே. மோடம் என்னும் கருவி ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்றும்; கீச்சென்றும் கிறீச்சென்றும் சில ஒலிகள் எழும்; பின்னரே இணைப்புக் கிட்டும். வீட்டார் இணையத்தில் இருக்கும்போது தொலைபேசியில் பேச இயலாது. அவசரச் செய்தி சொல்ல விரும்பிய உறவினர் அரைநாள் முயன்றும் பயனின்றிச் சலித்துக்கொள்வதும் உண்டு.

இந்நிலையை மாற்றியது அகலப்பட்டை இணைப்பு. 2004-ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டு வேகமேனும் உடையதே அகலப்பட்டை என வரையறுத்தது. மறு ஆண்டில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் அதனை வீடுகளுக்கு வழங்கத் தொடங்கியது. கம்பி பழைய தொலைபேசிக் கம்பியே. ஆயினும் அதனைப் பயன்படுத்திய முறை புதிது. மனிதர் பேச்சிற்கு 4 கிலோஹெர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண்களே போதும். அதற்கு மேலுள்ள அதிர்வெண்கள் அதுவரை வாளா கிடந்தன. அவற்றில் கணினியின் செய்திகளை ஏற்றினர். பேச்சையும் செய்தியையும் பிரிக்கச் சிறு வடிப்பான் ஒன்றைச் சுவரில் பொருத்தினர். ஒரே கம்பியில் உரையாடலும் இணையமும் ஒருங்கே இயன்றன.

அன்றைய வேகத்தை இன்று எண்ணினால் நகை தோன்றும். நொடிக்கு 256 கிலோபிட்டு எனின் 32 கிலோபைட்டே ஆகும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு ஆதலின். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையால், விளம்பரத்திற் கண்ட எண்ணை நம்பி ஏமாந்தோர் பலர். 5 மெகாபைட்டுள்ள ஒரு நிழற்படம் வந்து சேர அன்று இரண்டரை நிமிடத்திற்கு மேல் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட்டு இணைப்பில் அது அரை நொடிக்குள் வந்துவிடும். அரசின் வரையறையும் 2013-இல் 512 கிலோபிட்டு எனவும், 2023-இல் 2 மெகாபிட்டு எனவும் உயர்ந்தது.

செப்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பெற்ற வரலாறு இந்தியர்க்குப் பெருமை தருவது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்னும் அறிஞர், வளைந்த கண்ணாடி இழையின் வழியே ஒளியைச் செலுத்தலாம் என 1950-களில் ஆய்ந்து காட்டியவர்களுள் ஒருவர். 1960-இல் இத்துறைக்குப் பெயரிட்டவரும் அவரே. கண்ணாடியிலுள்ள மாசே ஒளி தேய்வதற்குக் காரணம் என்று 1966-இல் விளக்கிய சார்லசு காவோ 2009-இல் நோபெல் பரிசு பெற்றார். இழையின் உட்பகுதியில் புகுந்த ஒளி அதன் சுவரில் பட்டுப் பட்டு முழுமையாக எதிரொளித்து, வெளியே கசியாமல் நெடுந்தொலைவு செல்கின்றது. அதனாலன்றோ கடலடியிலும் இத்தகைய வடங்கள் கிடக்கின்றன! சிங்கப்பூரினின்றும் அந்தமானினின்றும் வரும் கடலடி வடங்கள் கரையேறும் நகரங்களுள் சென்னையும் ஒன்று. 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கடலடி வடம் பழுதுற்று, இணையத்தின் வேகம் குன்றியது. வானகரத்து வீட்டில் தோன்றும் தடை, வங்கக் கடலின் அடியிலும் தொடங்கக்கூடும்.

இனி, கருவியின் இயல்பைக் காண்போம். அதனைத் தெருவில் அனைவரும் ரௌட்டர் என்பர். கலைச்சொல் வல்லார் திசைவி என்பர். எந்தச் செய்தி எத்திசையில் செல்லவேண்டும் என அறிந்து செலுத்துவதால் அப்பெயர் நன்கு பொருந்துகின்றது. இணையம் என்னும் அழகிய சொல்லை ஆக்கியவர் சிங்கப்பூர் அறிஞர் நா. கோவிந்தசாமி என்பர்.

இணையத்தோடு சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். தொடக்கத்தில் வகுத்த முறைப்படி இத்தகைய எண்கள் ஏறத்தாழ 429 கோடியே உண்டு. உலக மக்கள் தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. ஒருவரிடமே இரண்டு மூன்று கருவிகள் உள்ளன. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த முகவரித் தொகுதிகள் முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்துபோயின. மிகப் பல எண்களை உடைய புதிய முகவரி முறையும் இப்போது பரவி வருகின்றது. எனினும் பழைய முறை இன்றும் இயங்குவதற்குத் திசைவி செய்யும் ஓர் உபாயமே பெருங்காரணம்.

கூட்டுக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அஞ்சற்காரர்க்குத் தெரிந்தது கதவிலக்கம் ஒன்றே. கடிதங்கள் யாவும் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவிடம் வருகின்றன. எக்கடிதம் மூத்த மருமகளுக்கு, எது கடைக்குட்டிப் பேரனுக்கு என்பதை அறிந்து உள்ளே அனுப்புபவர் அவர். திசைவியும் அவ்வாறே வெளியுலகிற்கு ஒரே முகவரியைக் காட்டுகின்றது. வீட்டினுள் உள்ள கருவிகளுக்கோ 192.168 எனத் தொடங்கும் வீட்டெண்களைத் தானே வழங்குகின்றது. இவ்வெண்கள் 1996-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையால் தனியார் பயனுக்கென ஒதுக்கப்பெற்றவை. ஆயிரம் வீடுகளில் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் இல்லை. மகளின் கணினி ஒரு பாடத்தைக் கேட்டதெனின், அக்கேள்வியைத் திசைவி தன் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு வெளியே அனுப்பும். விடை வந்ததும் குறிப்பைப் பார்த்து அக்கணினிக்கே சேர்ப்பிக்கும். தந்தையின் அலுவலகக் கணக்கு மகளின் திரையில் வந்து விழாமைக்கு இதுவே காரணம்.

கருவியை அமைக்கும் முறை கடினமானதன்று. வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை ஒரு சிறு பெட்டியில் முடிகின்றது. ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் தொழில். பல வீடுகளில் இப்பெட்டியும் திசைவியும் ஒன்றாகவே அமைந்திருக்கும். இழையை மடித்தலும் கூர்மையாக வளைத்தலும் கூடாது. வளைவு மிகுந்தால் ஒளி கசியும், மடிந்தால் இழை முறியும். அதன் முனையைக் கண்ணருகே வைத்து நோக்குதல் அறவே ஆகாது; அதில் வரும் ஒளி கட்புலனுக்குத் தோன்றாததாயினும் விழிக்கு ஊறு செய்ய வல்லது.

திசைவியை எங்கே வைப்பது என்பதில் பலர் கருத்துச் செலுத்துவதில்லை. கம்பி நுழையும் மூலையிலேயே, பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால், அதனை மறைத்து வைத்துவிடுகின்றனர். பிறகு பின்னறையில் வைஃபை வரவில்லை என வருந்துகின்றனர். திசைவி பரப்புவது வானொலி அலை. அது எல்லாப் பக்கமும் பரவும்; கம்பி பொதிந்த கான்கிரீட்டுச் சுவரிலும் இரும்புப் பீரோவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டு வலிவிழக்கும். ஆகவே வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தலே நன்று. அலைவரிசைகளும் பெரும்பாலும் இரண்டு உண்டு. 2.4 கிகாஹெர்ட்சு அலை சுவரைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் அண்டை வீட்டுக் கருவிகளும் அதில் இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்சு அலை விரைவுடையது. ஆயினும் சுவரைக் கண்டால் தளரும். அடுக்கு மாடிகள் நெருங்கிய தெருவில், அருகில் இருப்போர் இரண்டாவதைத் தேர்வதே தக்கது.

மேசைக் கணினி நகராத பொருள். அதற்கு அலையை நாடுவதினும் கம்பியை நாடுவதே சிறப்பு. எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பெற்ற வடம் ஒன்றைத் திசைவியின் பின்புறத் துளையிலும் கணினியின் துளையிலும் செருகினால் போதும்; 'கிளிக்' என்னும் ஒலி கேட்டால் சரியாகப் பொருந்தியதென அறியலாம். முறுக்கியிருப்பது அழகிற்கன்று, ஒரு கம்பியின் குறி அடுத்ததில் புகுந்து கெடுக்காமைப் பொருட்டே. இவ்வடம் 100 மீட்டர் வரை நீளலாம். எந்த வீட்டிற்கும் அது மிகையே.

அடுத்துச் செய்யத்தக்கது கடவுச்சொல் அமைத்தல். எளிதென்று இதனைப் புறக்கணிப்போரே மிகுதி. ஆனால் இடர் விளைவதும் இங்கேதான். திசைவிக்குப் பூட்டுகள் இரண்டு. ஒன்று, வைஃபையில் சேர்வதற்கு உரியது. மற்றொன்று, திசைவியின் அமைப்பையே மாற்றுவதற்கு உரியது. இரண்டாவது பூட்டுக்குத் தொழிற்சாலையில் இட்ட சொல் ஒன்று உண்டு. அதே வகைக் கருவி பலவற்றிற்கும் அச்சொல் பொதுவாக இருப்பதும் உண்டு. ஊரெல்லாம் ஒரே சாவியால் திறக்கும் பூட்டினால் என்ன பயன்? 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல் இவ்வாறு சொல் மாற்றப்படாத திசைவிகளையும் காமிராக்களையும் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தவை அறுபதளவான பொதுச் சொற்களே! அவற்றைக் கொண்டே பல இலட்சம் கருவிகளை வசப்படுத்தியது. அக்டோபர் 21-ஆம் நாள் அக்கருவிகள் ஒருங்கே ஏவப்பட்டமையால், அமெரிக்காவில் பெரிய இணையத் தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. கருவிக்கு உரியவர்களோ தம் வீட்டுப் பெட்டி போருக்குச் சென்றதை அறியாமல் இருந்தனர்.

முதற்பூட்டு இல்லாமையால் விளைந்த துன்பம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 2008-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் அகமதாபாத் நகரில் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். வெடிப்பதற்குச் சற்று முன்னர்ச் செய்தி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. காவல்துறையினர் அதன் முகவரி எண்ணைத் தொடர்ந்து சென்றனர். அவ்வெண் நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டைக் காட்டியது. விசாரணைக்குள்ளான அவரோ ஒன்றும் அறியாதவர். அவருடைய வைஃபை காவலின்றித் திறந்து கிடந்தமையால், வெளியிலிருந்து எவரோ அதனைப் பயன்படுத்தியிருந்தனர். வெளியுலகிற்கு வீடு முழுமைக்கும் முகவரி ஒன்றே என்று மேலே கண்டோம். குற்றம் செய்தவன் தெருவில் நின்றவனாயினும், எண் காட்டுவது வீட்டுக்காரரையே. மறு ஆண்டில் மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளுக்குக் காவல் அமைத்தல் வேண்டும் என நெறிமுறை வகுத்தது.

ஆதலின் இரு சொற்களையும் முதல் நாளே மாற்றிவிடுதல் வேண்டும். வீட்டுப் பிள்ளையின் பெயரும் கைப்பேசி எண்ணும் கடவுச்சொல் ஆகா. அண்டை வீட்டார்க்கு அவை மனப்பாடம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமைத்தால் பிறர் ஊகித்தல் அரிது. காவல் முறைகளுள் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்பதையே தேர்தல் வேண்டும், டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறையைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். விருந்தினர்க்கெனத் தனி வைஃபைப் பெயர் அமைக்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு. கேட்டவர்க்கு 'இல்லை' என்று சொல்ல நாணும் நம்மவர்க்கு அது பெரிதும் உதவும்.

இணைப்புத் தடைபட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிச் செருகுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் விளக்குகளை நோக்குதல் நலம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்பது பொருள். இழை எங்கோ அறுந்திருக்கும். நிறுவனத்தார் வந்தே சரிசெய்யவேண்டும். விளக்குகள் பச்சையாக இருந்தும் ஒரு கணினி மட்டும் இயங்கவில்லையெனில், அதன் முகவரி எண்ணைக் காணவேண்டும். 192.168 எனத் தொடங்கினால் திசைவி எண் வழங்கியுள்ளது எனக் கொண்டு, பிழையை வேறிடத்தில் தேடலாம். 169.254 எனத் தொடங்கினால், திசைவியிடமிருந்து விடை வாராமையால் கணினி தனக்குத் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது வடத்தையும் வைஃபைச் சொல்லையும் ஆராயவேண்டும்.

பழைய செப்புக் கம்பிக் காலத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமழையில் கம்பி வழியே மின்னல் பாய்ந்து மோடங்கள் எரிந்துபோவதுண்டு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எனினும் திசைவிக்கு மின்சாரம் தரும் கம்பி செம்பே. இடி முழங்கும் வேளையில் அதனைச் சுவரினின்று கழற்றி வைப்பது நன்று. மின்சாரம் நின்றால் ஒளியிழை உயிருடன் இருந்தாலும் பெட்டி உறங்கிவிடும். பெரும்பாலான திசைவிகளுக்கு 12 வோல்ட்டு மின்னழுத்தமே போதும் ஆதலின், உள்ளங்கையளவான மின்கலப் பெட்டி ஒன்று சில மணி நேரம் அதனை இயக்கும். வாங்குமுன் திசைவியின் அடியில் எழுதியுள்ள வோல்ட்டளவையும், செருகும் முனையின் பருமனையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.