நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாதல்

அரசாங்க உத்தியோகம் ஒன்றிற்கு விண்ணப்பிப்போர் பலர். எழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்தி நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவோர் சிலர். அச்சிலருள்ளும், பல மாதங்கள் கண்விழித்துப் படித்ததன் பயனைச் சில நிமிட நேரத்துள் இழந்து வீடு திரும்புவோர் உளர். அறிவுக் குறைவன்று, ஆயத்தக் குறைவே அவர்களுட் சிலரது இழப்புக்குக் காரணமாகின்றது.

நேர்முகப் பரீட்சை என்பது யாது? விண்ணப்பப் பத்திரத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் விண்ணப்பதாரி நேரிற் சென்று சாட்சி பகர்வதே அது. இதனை உணர்ந்தவருக்கு, ஆயத்தம் எங்கே தொடங்கவேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலாவதாக, பதவி வெற்றிடத்தை அறிவித்த வர்த்தமானியை மீண்டும் ஒருமுறை ஊன்றிப் படித்தல் வேண்டும். இலங்கை அரசாங்க சேவையில் நேர்முகப் பரீட்சை இரு வகைப்படும். பொது நேர்முகப் பரீட்சையிற் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. தகைமைகளைச் சரிபார்த்தலே அதன் நோக்கம். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையிலோ, மேலதிகக் கல்வித் தகைமை, தொழில் அனுபவம் முதலிய தலைப்புக்களின்கீழ்ப் புள்ளிகள் வழங்கப்படும். எந்தத் தலைப்புக்கு எத்தனை புள்ளி என்பதை அறிந்தவரே, அதற்குரிய சான்றுகளைத் தவறாது கொண்டுசெல்வார். அறியாதவர், தமக்கு உரிமையான புள்ளிகளை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வெறுங்கையுடன் செல்வார்.

இரண்டாவது, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்கள், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் மூலப் பிரதிகளை ஒன்றாக அடுக்கி, அவற்றிலுள்ள பெயர்களை ஒப்புநோக்குதல் வேண்டும். தமிழரிடையே இது மிகவும் அவசியம். ஒரு பத்திரத்தில் தந்தையின் பெயர் முன்னே முழுமையாக நிற்கும். மற்றொன்றில் அது ஓரெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஒரே பெயர் ஆங்கிலத்தில் இரு விதமாக எழுதப்பட்டிருப்பதும் உண்டு. இத்தகைய வேறுபாடு காணப்படின், இரு பெயராலும் குறிக்கப்படுபவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வைத்தல் நன்று.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த யுத்தத்தின்போது, வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் தம் பத்திரங்களை இழந்தன. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றை உறுதிசெய்யும் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெற்றுக்கொள்ளலாம். எனினும் அதற்குக் காலம் செல்லும். ஆதலால் அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திராது, விண்ணப்பித்த நாளிலேயே அம்முயற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

மூன்றாவது, பதவியின் தன்மையை அறிதல். பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராகப் பணிபுரிய விரும்பும் ஒருவரை, “இவ்வுத்தியோகத்தை ஏன் விரும்புகின்றீர்?” என வினவினால், “மக்களுக்குச் சேவை செய்வதற்கு” என்பது எல்லோரும் கூறும் மறுமொழி. ஒருநாட் காலையில் அத்தகைய அலுவலகத்திற்குச் சென்று, அங்கு நிகழ்வதைக் கவனித்தவரின் மறுமொழி வேறாக இருக்கும். காணி அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்க மூன்று முறை வந்து திரும்பும் முதியவருக்கு, தேவையான பத்திரங்கள் எவை என்பதை முதல் முறையிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்று அவர் கூறுவார். அம்மறுமொழியைக் கேட்போர் தலைநிமிர்ந்து பார்ப்பர்.

இறுதியாக, பேச்சுப் பயிற்சி. எதிர்பார்க்கும் வினாக்களை நண்பர் ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ கேட்க, விடைகளை வாய்விட்டுக் கூறிப் பழகுதல் வேண்டும். மனனஞ் செய்த விடை இடையில் ஒரு சொல் தவறினும் முற்றாகத் தடைப்படும். விளங்கிக்கொண்ட விடை தடைப்படாது. விடை தெரியாதவிடத்து, தெரியாது எனப் பணிவுடன் ஒப்புக்கொள்வதே சிறந்தது. இல்லாத ஒன்றை இருப்பதாகக் கூறுபவர், அடுத்த வினாவிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வருவோர், முதல்நாளே வந்து தங்குதல் நலம். இரவெல்லாம் பஸ்ஸில் விழித்திருந்து வந்தவருக்கு, தெரிந்த விடையும் வேளைக்கு நினைவில் எழாது.

நேர்முகப் பரீட்சையில் எல்லோரும் தெரிவாவதில்லை, வெற்றிடங்களோ சிலவே. ஆயினும் பத்திரங் காரணமாகவோ அறியாமை காரணமாகவோ ஒருவர் தம் வாய்ப்பை இழத்தலாகாது. அவ்விரண்டும் அவரவர் கையில் உள்ளவை.