கோதாவிலிருந்து கூண்டுக்கு

மற்போர் பயின்றவனும் குத்துச்சண்டை பயின்றவனும் எதிரெதிர் நின்றால் வெல்பவன் யார்? ஒரு காலத்தில் இது வெறும் திண்ணைப் பேச்சு. இன்றோ அக்கேள்விக்கு விடை காண்பதையே நோக்கமாகக் கொண்ட ஒரு விளையாட்டு உலகெங்கும் பரவிவிட்டது. கலப்புப் போர்க்கலை என்று அதனைக் கூறலாம். தில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் அதற்கெனவே பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. நம் சங்கக் குடும்பங்களில் பள்ளிப் பருவத்தே கராத்தே கற்ற பிள்ளைகளும், அண்டை வீட்டு நண்பரோடு அகாடாவுக்குச் சென்று குஸ்தி பழகிய பிள்ளைகளும், “இதுவரை கற்றது அங்கே செல்லுபடியாகுமா?” என்று கேட்கின்றனர். பெற்றோர்க்கோ ஒருபுறம் அச்சம். மறுபுறம் விவரம் அறியாத மயக்கம். ஆகவே இத்திங்கள் இப்பொருளைச் சிறிது விரித்து எழுதப் புகுந்தோம்.

இவ்விளையாட்டில் குத்தலாம், உதைக்கலாம், முழங்காலாலும் முழங்கையாலும் தாக்கலாம், கட்டிப் பிடித்து வீழ்த்தலாம், வீழ்ந்தவன் மேல் அமர்ந்தும் குத்தலாம், மூட்டுகளைப் பூட்டலாம், கழுத்தை நெரிக்கலாம். கடித்தல், கண்ணைக் குத்துதல், உயிர்நிலையில் தாக்குதல் முதலியன விலக்கப்பட்டவை. சுற்று ஒன்றுக்கு 5 நிமிடம். பொதுவாக 3 சுற்று, பட்டப் போட்டியாயின் 5. எடை பார்த்தே எதிரிகளை இணைப்பர். கையில் விரல்கள் வெளியே தெரியும் சிறிய உறை. களம் பெரும்பாலும் வலை சூழ்ந்த கூண்டு. முதன்முறை காண்பவர்க்கு இது காட்டுத்தனமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இது நேற்றுப் பிறந்ததன்று. கி.மு. 648-இலேயே கிரேக்கர் தம் ஒலிம்பிக் விழாவில், கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் ஒழிய மற்றெல்லாம் ஒப்புக்கொண்ட ஒரு போரைச் சேர்த்திருந்தனர்.

நம் புறநானூற்றிலும் ஒரு காட்சி உண்டு. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் எண்பதாம் பாட்டில் பாடுகிறார். ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்தி நிற்கிறது. மற்றொரு கால் அவன் செய்யும் தந்திரங்களைத் தடுத்துப் பின்னே வளைகிறது. இன்றைய கூண்டில் ஒருவரை நிலத்தில் கிடத்தி முழங்காலால் அழுத்துவோரைப் பார்த்தவர்கள் இப்பாட்டைப் படித்தால் புன்முறுவல் கொள்வர். மகிழினும் மகிழாவிடினும் இதனைத் தந்தை தித்தன் காணட்டும் என்று புலவர் கூறுவது, பெற்றோர் மனம் அன்றும் இருபாலாகவே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

நிற்க. எந்தக் கலை கூண்டிற்குச் செல்லுபடியாகும் என்ற கேள்விக்கு வருவோம். எம் கருத்தில், இக்கேள்வியைக் கலையின் பெயரை வைத்து ஆராய்வதைவிட, அக்கலையின் போட்டி எவ்விடத்தில் முடிகிறது என்பதை வைத்து ஆராய்வதே நலம். குஸ்தியில் எதிரியின் இரு தோள்களும் மண்ணைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. வென்றவன் எழுந்து துள்ளுவான். ஜூடோவில் முதுகு தரையில் படும்படி வேகமாகவும் வலுவாகவும் எறிந்தால் முழு வெற்றி. குத்துச்சண்டையில் இருவர் கட்டிக்கொண்டால் நடுவர் பிரித்துவிடுவார். கூண்டிலோ இம்மூன்று இடங்களிலும் எதுவும் முடிவதில்லை. ஆங்கேதான் பாதிப் போர் தொடங்குகிறது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். மல்லன் ஒருவன் கீழே விழ நேரும்போது, தோள் மண்ணில் படாதிருக்கக் குப்புறப் புரள்வான். பல்லாண்டுப் பழக்கத்தால் உடலே அதைச் செய்துவிடும். அவனைக் குஸ்தியில் காக்கும் அப்பழக்கமே கூண்டில் அவனைக் காட்டிக்கொடுக்கும். முதுகுப்புறம் ஏறியவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு நெரித்துவிடுவான். தலையைத் தாழ்த்தி எதிரியின் கால்களை நோக்கிப் பாயும் மல்லனுக்கு எதிரே வரும் முழங்கால் ஓர் அபாயம்; நீட்டிய கழுத்தை அக்குளில் இறுக்கிக்கொள்ளும் பிடி மற்றோர் அபாயம். முன்காலில் பாரம் வைத்து நிற்கும் குத்துச்சண்டை வீரனோ அக்காலிலேயே உதை வாங்குவான்.

இவ்வுண்மை நம் துணைக்கண்டத்தில் நிகழ்ந்த ஒரு போரில் கொடுமையாக வெளிப்பட்டது. பெரிய காமா என்னும் பயில்வானை அறியாதார் இலர். 1910-இல் இலண்டனுக்குச் சென்ற அவரை எதிர்த்த போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ, தோற்காதிருத்தல் ஒன்றையே கருதி, இரண்டரை மணி நேரத்திற்கு மேல் பெரும்பாலும் விரிப்போடு விரிப்பாகக் குப்புறக் கிடந்தார். போர் முடிவின்றி நின்றது; மறுமுறை அவர் வரவேயில்லை. 1928-இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவைக் காமா ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். இத்தகைய குலத்தில் வந்தவர், காமாவின் தம்பி இமாம் பக்ஷின் மகன் அக்ரம்.

ஜப்பானிய வீரர் அந்தோனியோ இனோக்கி 1976 ஜூன் மாதத்தில் டோக்கியோவில் முகம்மது அலியோடு பொருதார். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்க விரும்பாமையால், இனோக்கி மல்லாந்து கிடந்து அலியின் கால்களை உதைப்பதும், அலி சுற்றிவந்து அழைப்பதுமாக 15 சுற்றுகள் கழிந்தன. சமநிலை என்று முடித்தனர். பணம் கொடுத்துப் பார்த்தவர்கள் நொந்துகொண்டதில் வியப்பில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கராச்சியில் அக்ரம் அவரை எதிர்த்தார். வலிமையில் அக்ரம் குறைந்தவரல்லர். ஆனால் இனோக்கி கற்றிருந்த மூட்டுப் பூட்டுகள், தோளை மண்ணில் படச் செய்வதை முடிவாகக் கொண்ட குஸ்தியில் அவ்வளவாக இடம்பெறாதவை. கை பூட்டில் சிக்கிய பின்னும் தோல்வியை ஒப்புக்கொள்ள அக்ரம் இசையவில்லை. அவர் கை முறுக்குண்டு செயலற்றுப்போனது, போர் நிறுத்தப்பட்டது. 1979-இல் லாகூரில் அக்குடும்பத்து இளைஞர் ஜாரா இனோக்கிக்கு ஈடுகொடுத்து நின்றார் என்பதும், போர் முடிவில் இனோக்கியே அவர் கையை உயர்த்திப் பிடித்தார் என்பதும் பின்கதை.

இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், 1951-இல், பிரேசில் நாட்டு ரியோவிலும் இத்தகைய காட்சி ஒன்று நடந்தது. கொடோகான் ஜூடோவில் வல்லவரான மயேடா 1914-இல் பிரேசிலுக்குச் சென்றவர். பின்னர் அங்கேயே குடியேறினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஏலியோவும் நிலத்திற் கிடந்து பொரும் பகுதியைத் தனிக்கலையாக வளர்த்தனர். ஜப்பானிலிருந்து வந்த கிமுரா, ஏலியோவின் கையைப் பூட்டினார். ஏலியோவும் பணியவில்லை. ஆனால் அண்ணன் கார்லோஸ் உடனே துண்டை எறிந்து போரை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்றும் உலகெங்கும் கிமுரா என்றே பெயர்.

ஏலியோவின் மகன் ராய்ஸ், 1993 நவம்பர் 12-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கலைக்கு ஒருவராக எண்மர் கூடிய போட்டியில், ஒரே இரவில் மூவரை வென்றார். மூன்று போருக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 நிமிடமே ஆயிற்று. அவர் உடல் பெரிதன்று. மற்றவர்கள் போகாத ஊருக்கு அவர் மட்டும் வழி அறிந்திருந்தார், அவ்வளவே.

அவ்வழியைப் பிறரும் அறிந்த பின் நிலைமை மாறிற்று. மார்க் கோல்மன் என்ற அமெரிக்க மல்லர் எவரையும் எளிதில் வீழ்த்தி, மேலிருந்து குத்தி வென்று, 1997-இன் தொடக்கத்தில் பெரு எடைப் பட்டத்தைப் பெற்றார். அவ்வாண்டு ஜூலையில் மாரிஸ் ஸ்மித் என்ற உதைச்சண்டை வீரர் அவரை எதிர்த்தார். ஸ்மித் மல்லராகிவிடவில்லை. கீழே கிடந்து தப்பவும் எழவும் மட்டும் கற்றிருந்தார். கோல்மன் களைத்தார், எழுந்து நின்ற ஸ்மித் உதைத்தார், 21 நிமிடப் போரின் முடிவில் பட்டம் கைமாறிற்று. தன் கலை முழுதும், பிறர் கலையில் தப்பும் வழி மட்டும் என்ற இந்த அளவே பின்னர் வந்த பலருக்கு வழியாயிற்று. 2009-இல் பட்டம் வென்ற லியோட்டோ மச்சிடா தந்தையிடம் கற்ற கராத்தேயின் தொலைவுக் கணக்கைக் கைவிடவேயில்லை. உடன் நிலப்போரையும் கற்றிருந்தார்.

நம் நாட்டிலும் காட்டு உண்டு. அரியானாவின் பலாலி ஊரைச் சேர்ந்த ரிது போகாட்டை, ‘தங்கல்’ படம் பார்த்தவர்கள் அக்குடும்பத்துப் பெண் என்ற அளவில் அறிவர். மற்போரில் 2016-இல் காமன்வெல்த் பட்டம் பெற்ற அவர், 2019-இல் சிங்கப்பூர் சென்று கலப்புப் போரில் இறங்கினார். எதிரியைத் தூக்கி வீழ்த்துவதில் அவருக்கு நிகராவார் சிலரே; அவ்வொரு வித்தையால் பல வெற்றிகள் பெற்று 2021 டிசம்பரில் இறுதிப் போட்டிவரை வந்தார். எதிர்த்தவர் தாய்லாந்தின் ஸ்டாம்ப். ஐந்து வயது முதல் உதைச்சண்டை பயின்றவர். நிலத்தில் ரிதுவே வலியவர் என்று பலரும் எண்ணியிருந்தனர். இரண்டாம் சுற்றில், கீழே கிடந்தவாறே ஸ்டாம்ப் அவர் கையைப் பூட்டினார். ரிது தட்டிப் பணிந்தார். மல்லரை உதைச்சண்டை வீராங்கனை நிலத்தில் வென்றார் என்பது விந்தை போலத் தோன்றும். மேலே கூறியதை நினைவிற் கொண்டோர்க்கு அது விந்தையன்று. இவ்விடத்தில் ரிதுவைப் பாராட்டவேண்டும். தட்டியதால் கை பிழைத்தது.

முசாபர்நகர் மாவட்டத்துப் பூஜா தோமர் ஊஷுவில் தேசியப் பட்டம் பெற்றவர். அக்கலையின் சண்டைப் பிரிவில் குத்து, உதை, எறிதல் மூன்றும் உண்டு. 2024 ஜூன் 8-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யூ.எஃப்.சி. மேடையில் வெற்றி கண்ட முதல் இந்தியர் என்னும் பெயரைப் பெற்றார். நடுவர் மூவருள் இருவரே அவர் பக்கம் நின்றனர், மயிரிழை வெற்றிதான்.

நம் சிலம்பமும் குத்துவரிசையும் எந்நிலை என்று அன்பர் சிலர் கேட்பர். மனம் நோகாது ஏற்பார்களாக. எக்கலையாயினும், எதிர்க்கும் ஆள்மீது முழுமுயற்சியோடு பழகிய பகுதியே கூண்டில் நிற்கும். அகாடாவில் நாள்தோறும் நிகழும் ஜோர் என்னும் பயிற்சியும், ஜூடோவைக் கண்ட கானோ வற்புறுத்திய கட்டற்ற பயிற்சியும் அத்தகையன. காற்றோடு பழகிய வரிசை, எவ்வளவு அழகாயினும், உடலுக்கு உறுதியும் காலுக்கு ஒழுங்கும் தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் அக்கலைக்கே நாம் செய்யும் தீங்கு.

பிள்ளையைச் சேர்க்கக் கருதும் பெற்றோர், கூடத்தின் சுவரில் மாட்டிய படங்களையும் கோப்பைகளையும் பார்த்து மயங்கவேண்டா. ஒரு மாலை முழுதும் ஓரமாக அமர்ந்து பயிற்சியைக் கவனிக்க. முதல் வாரமே தலையில் குத்துவாங்க விடுகிறார்களா? பெரிய பையனோடு சிறியவனைக் கோக்கிறார்களா? கை பூட்டப்பட்ட பிள்ளை தட்டியவுடன் பிடித்தவன் விடுகிறானா, ஒரு நொடி தாமதிக்கிறானா? தட்டிய பிள்ளையை மற்றவர் ஏளனம் செய்தால் ஆசிரியர் என்ன சொல்கிறார்? அக்ரமின் கைக்கு நேர்ந்ததை அந்த ஆசிரியர் அறிவாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.